பள்ளி மூடல் பட்டியல் வருவதற்கு முன்னால்: கலிஃபோர்னியாவில் இருக்கும் பெற்றோருக்கு

ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். மாணவர் எண்ணிக்கை குறைகிறது, பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, மனசுக்குக் கஷ்டமான முடிவுதான் ஆனால் வேறு வழியில்லை என்று மூன்று பத்தி, கடைசியில் ஒரு லிங்க், திறந்தால் பள்ளிகளின் பட்டியல், அதில் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயர். அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழு கொதிக்கும். மறுநாள் ஆன்லைன் மனு. அடுத்த போர்டு கூட்டத்துக்கு நூறு பேர் போய் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசிவிட்டு, சிலர் அழுதுவிட்டு, நள்ளிரவில் வீடு திரும்புவார்கள். கொஞ்ச நாளில் வாக்கெடுப்பு முடிந்துவிடும்.

கேட்பதுபோல் கேட்டுவிட்டு ஏற்கெனவே எடுத்த முடிவை அறிவிக்கிறார்கள் என்ற கோபம் எல்லா ஊரிலும் இருக்கிறது, அது நியாயமான கோபமும்கூட. ஆனால் பட்டியல் வெளியாகும் நாளில் உண்மையான முடிவுகள் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். எந்த அளவுகோலை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துவது, எந்த வகுப்பறையைக் காலி என்று எண்ணுவது, ஐந்து வருஷம் கழித்து எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்ற கணிப்பு, எல்லாம் அதற்கு ஒரு வருஷம் முன்பே யாரும் வராத கூட்டங்களில் ஓடி முடிந்திருக்கும். எங்கள் பள்ளியை மூடாதே என்ற கோஷத்தைவிட அந்த எண்களுக்குள் சீக்கிரம் நுழைவதுதான் பலன் தரும். எப்படி நுழைவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பே ஏரியாவை மனசில் வைத்து எழுதுகிறேன், நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். நல்ல ஸ்கோர் இருக்கிற ஊர், நமக்கு வராது என்று நினைக்காதீர்கள். கூப்பர்டினோவிலேயே 2021-ல் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என்ற தொடக்கப் பள்ளிகளை மூட போர்டு வாக்களித்தது.

முதலில் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கலிஃபோர்னியாவில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளுக்கு மாநிலம் பணம் கொடுப்பது தலைக்கணக்கில், அதுவும் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, தினமும் வகுப்புக்கு வந்த சராசரியை வைத்து. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மாநிலம் முழுக்க 2016-17-ல் சுமார் 62 லட்சம் மாணவர்கள் இருந்தார்கள், 2023-24-ல் சுமார் 58 லட்சம். பிறப்பு குறைந்தது, வாடகை தாங்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறின, சில ஊர்களில் சார்ட்டர் பள்ளிகள் (அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் நடப்பவை) பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. கோவிட் காலத்தில் மத்திய அரசு கொடுத்த சிறப்பு நிதி கொஞ்ச காலம் பள்ளத்தை மறைத்தது, அதுவும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

பிரச்சினை பொய் இல்லை. 24 பேர் இருந்த வகுப்பில் 19 பேர் ஆனால் வருமானம் குறையும், ஆசிரியர் சம்பளமும் மின்சாரக் கட்டணமும் குறையாது. 150 பிள்ளைகள் மட்டும் இருக்கிற பள்ளியில் நர்ஸ் வாரத்தில் ஒரு நாள், இசை ஆசிரியர் அரை நாள் என்றுதான் ஓட்ட முடியும். எந்தப் பள்ளியையும் எப்போதும் மூடக் கூடாது என்று வாதாடுகிறவரை போர்டு உறுப்பினர் இரண்டாம் நிமிடத்திலேயே கேட்பதை நிறுத்திவிடுவார்.

ஆனால் இதே கணக்கில் நம் பக்கத்துக்கு ஒரு பெரிய வாதமும் இருக்கிறது. இன்று பிறக்கிற குழந்தை கிண்டர்கார்டனுக்கு வர ஐந்து வருஷம் ஆகும். பிறப்பு குறைந்தால் அது ஐந்து வருஷம் முன்பே கவுண்டியின் பிறப்புப் பதிவில் தெரிந்துவிடும். அதோடு, 2022-23 முதல் மாநிலம் இன்னொரு மெத்தையும் போட்டுக் கொடுத்திருக்கிறது: நடப்பு ஆண்டின் வருகை, போன ஆண்டின் வருகை, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி, இந்த மூன்றில் எது அதிகமோ அதற்குத்தான் டிஸ்ட்ரிக்டுக்குப் பணம். எண்ணிக்கை இறங்கினாலும் வருமானம் உடனே இறங்காது, திட்டமிட நேரம் கிடைக்கும். அப்படியிருக்க, அக்டோபரில் பட்டியலை நீட்டி ஜனவரிக்குள் வாக்கெடுப்பு என்று ஒரு டிஸ்ட்ரிக்ட் சொன்னால், இந்த அவசரம் எங்கிருந்து வந்தது, கடந்த ஐந்து வருஷமாக இந்த எண்களை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நேராகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போர்டு கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்பு கிடைத்தால் நான் இதைத்தான் கேட்பேன்.

பட்டியலுக்கு முந்தைய வருஷமே கவனிக்க வேண்டியவை

போர்டு கூட்டத்தின் அஜெண்டாவை யாரும் படிப்பதில்லை. நீங்கள் படியுங்கள், அல்லது பெற்றோர் குழுவில் ஒருவரை அதற்கென்றே வையுங்கள். பொது அமைப்புகளின் கூட்டங்களைத் திறந்த முறையில் நடத்தச் சொல்கிற மாநிலத்தின் பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் அஜெண்டாவை வெளியிட்டே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வெளியாகிற அஜெண்டாவைத்தான் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதில் பள்ளி மூடல் என்று நேரடியாக எழுதியிருக்காது. டெமாகிராஃபர் அறிக்கை (மாணவர் எண்ணிக்கைக் கணிப்பு), ஃபெசிலிட்டீஸ் மாஸ்டர் பிளான் (கட்டடங்களுக்கான திட்டம்), பவுண்டரி ஆய்வு (எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்பது), ஆலோசகர் ஒப்பந்தம் என்று வரும். சான் ஃபிரான்சிஸ்கோவில் இதற்கு ரிசோர்ஸ் அலைன்மெண்ட் என்று பெயர் வைத்தார்கள், சியாட்டிலில் வெல் ரிசோர்ஸ்டு ஸ்கூல்ஸ் என்றார்கள். கன்சென்ட் அஜெண்டா என்ற பகுதியையும் விடாதீர்கள். அதில் இருப்பதை எல்லாம் விவாதம் இல்லாமல் ஒரே கைதூக்கலில் நிறைவேற்றிவிடுவார்கள், ஆலோசகர் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இடைக்கால பட்ஜெட் அறிக்கை வருஷத்தில் இரண்டு முறை வரும், முதலாவது டிசம்பர் 15-க்குள், இரண்டாவது மார்ச் நடுவில். அதில் பாசிட்டிவ், குவாலிஃபைடு, நெகட்டிவ் என்று மூன்று நிலைகளில் ஒன்றை டிஸ்ட்ரிக்ட் தானே அறிவிக்க வேண்டும். குவாலிஃபைடு, அதாவது வருகிற வருஷங்களில் செலவைச் சமாளிக்க முடியாமல் போகலாம் என்று வந்துவிட்டால் அடுத்த வருஷம் மூடல் பேச்சு வரும் என்று தயாராக இருங்கள். மார்ச் 15 என்பது அடுத்த வருஷத்துக்கான ஆசிரியர் பணிநீக்க நோட்டீஸ் கொடுக்கக் கடைசி நாள், அதனால்தான் பல இடங்களில் வாக்கெடுப்பைக் குளிர்காலத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். உங்கள் வேலை ஆகஸ்டில் தொடங்கியிருக்க வேண்டும்.

அளவுகோல்களை முடிவு செய்ய பெற்றோர், ஆசிரியர் அடங்கிய ஆலோசனைக் குழு போடுவார்கள். அதில் உட்கார ஆள் கிடைக்காமல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகம் இரண்டு மூன்று முறை அறிவிப்பு அனுப்பும், நாம் பார்க்காமல் விட்டுவிடுவோம். விண்ணப்பியுங்கள். பரீட்சை மதிப்பெண்ணுக்கு எத்தனை சதவீதம் எடை, கட்டடத்தின் நிலைமைக்கு எத்தனை, நடந்து வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு எத்தனை என்று அங்கேதான் பேசுகிறார்கள். அந்த எடைகள் முடிவான பிறகு பள்ளிகளின் பெயரை எக்செல் ஷீட் தானாகவே கொட்டிவிடும்.

கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

கலிஃபோர்னியாவின் பொது ஆவணச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டாம், குடியுரிமை வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். கேட்டது இருக்கிறதா, கொடுப்பார்களா என்று 10 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சில சூழ்நிலைகளில் இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். பதில் வந்த பிறகும் ஆவணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், இதுவும் சீக்கிரம் தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம். மூடல் சம்பந்தமான எல்லாமும் கொடுங்கள் என்று எழுதாதீர்கள், அது கிடப்பில் போடப்படும். குறிப்பாகக் கேளுங்கள்: கடந்த பத்து வருஷத்தின் டெமாகிராஃபர் அறிக்கைகள், ஒவ்வொரு பள்ளியிலும் அறைவாரியாக எந்த அறை எதற்குப் பயன்படுகிறது என்ற பட்டியல், கொள்ளளவைக் கணக்கிட்ட சூத்திரம், மூடினால் எவ்வளவு மிச்சம் என்பதன் வரிவாரிக் கணக்கு, அளவுகோல்களின் முந்தைய வரைவுகள், இதற்கு முன் ஏதாவது பள்ளியை மூடியிருந்தால் அப்போது சொன்ன சேமிப்பும் உண்மையில் கிடைத்த சேமிப்பும்.

பழைய டெமாகிராஃபர் அறிக்கைகளை எதற்குக் கேட்கிறோம் என்றால், ஐந்து வருஷம் முன்பு அதே நிறுவனம் இந்த வருஷத்துக்கு என்ன எண் சொன்னது, இன்று உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான். நம் ஆட்களில் எண்ணோடு பழகாதவர்கள் குறைவு, இந்த வேலையை ஒரு சாயந்திரத்தில் முடித்துவிடலாம். டிஸ்ட்ரிக்ட் மொத்தத்துக்கான கணிப்பு ஓரளவு சரியாக இருக்கும். தனித்தனிப் பள்ளிக்கு வரும்போது தவறு பெரிதாகும், மூடுவதோ தனிப் பள்ளியை. இந்த வித்தியாசத்தை ஒரே பக்கத்தில் வரைபடமாகப் போட்டுக் கொடுத்தால் போர்டு உறுப்பினர்கள் படிப்பார்கள்.

புது வீடுகளையும் கேளுங்கள். 2023 முதல் 2031 வரைக்கான திட்டத்தில் பே ஏரியா ஊர்கள் எல்லாம் சேர்ந்து 4,41,000-க்கு மேல் வீடுகளுக்கு இடம் காட்ட வேண்டும் என்று மாநிலம் சொல்லியிருக்கிறது. உங்கள் ஊர் ஒப்புதல் கொடுத்த குடியிருப்புகள் கணிப்பில் இருக்கின்றனவா? இங்கே ஒரு எச்சரிக்கை: ஒரு படுக்கையறை அபார்ட்மெண்டுகளிலிருந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் ரொம்பக் குறைவு. ஆயிரம் வீடு வருகிறது, ஆயிரம் பிள்ளை வரும் என்று பேசினால் உங்கள் மற்ற வாதங்களுக்கும் மதிப்பு போய்விடும்.

காலி அறை என்று எதைச் சொல்கிறார்கள்

சிகாகோவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தில் இறங்கக் கூடாது. 2013 மே 22 அன்று அங்கே 50 பள்ளிகளை மூட ஒரே கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் 12,000 பேர், பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். பள்ளிகள் பாதி காலி என்பதுதான் சொன்ன காரணம். வகுப்புக்கு 30 பிள்ளைகள் என்ற கணக்கில் ஒரு பள்ளியின் கொள்ளளவை எடுத்து, அதில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பயன்பாடு குறைவு என்று முத்திரை. சிறப்புக் கல்வி வகுப்பில் சட்டப்படியே 30 பேரை உட்கார வைக்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட வகுப்புகள் அதிகம் உள்ள பள்ளி இந்தச் சூத்திரத்தில் காலியாகத் தெரிந்தது. பெற்றோர்கள் அறை அறையாக நடந்து எண்ணிப் பார்த்து இதைச் சொன்னார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். பள்ளி வரைபடத்தை வாங்கி, பிரின்சிபலிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு அறையும் இன்று எதற்குப் பயன்படுகிறது என்று குறியுங்கள். பேச்சுப் பயிற்சி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான அறை, மதியத்துக்குப் பிறகான பராமரிப்பு, கவுன்சிலர், உணவுப் பொருள் வழங்கும் இடம், எல்லாமும். இன்னொன்று: 2025-26 முதல் செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிறைகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் டிகே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய) வகுப்பில் இடம் கொடுத்தே ஆக வேண்டும், அங்கே பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும், ஒரு பள்ளியில் டிகே வகுப்புகளின் சராசரி 24 பேரைத் தாண்டக் கூடாது. கொள்ளளவுக் கணக்கு அதற்கு முந்தையது என்றால் அது இப்போதே காலாவதி.

மிச்சம் என்று சொல்கிற தொகையை நம்புவதற்கு முன்

ஒரு பள்ளியை மூடினால் ஆசிரியர் சம்பளம் பெரும்பாலும் மிச்சமாகாது, பிள்ளைகள் போகிற இடத்துக்கு ஆசிரியரும் போக வேண்டும். மிச்சமாவது பிரின்சிபல், அலுவலக ஊழியர், துப்புரவு, மின்சாரம் போன்றவைதான். பியூ அறக்கட்டளை 2011-ல் ஆறு நகரங்களைப் பார்த்து வெளியிட்ட அறிக்கையில், பெரிய ஆட்குறைப்பு இல்லாவிட்டால் ஆரம்ப வருஷங்களில் ஒரு பள்ளிக்குக் கிடைக்கிற சேமிப்பு பெரும்பாலும் பத்து லட்சம் டாலருக்குக் கீழேதான் என்று கண்டது. சியாட்டிலில் சுமார் 9.4 கோடி டாலர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஏறக்குறைய 20 தொடக்கப் பள்ளிகளை மூடுவோம் என்று 2024-ல் தொடங்கினார்கள். பெற்றோர் கணக்கைத் தோண்டத் தோண்ட அது நான்கு பள்ளிகளாகச் சுருங்கியது, நான்கை மூடிக் கிடைப்பது பற்றாக்குறையில் ஒரு சின்ன மூலை என்று எல்லோருக்கும் புரிந்தது, நவம்பரில் திட்டத்தையே திரும்பப் பெற்றார்கள்.

இந்தப் பக்கம் மிச்சமென்றால் அந்தப் பக்கம் நஷ்டம் என்ன என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு கணக்குக்கு, 300 பிள்ளைகள் உள்ள பள்ளியை மூடி 7 லட்சம் டாலர் மிச்சம் என்கிறார்கள். கோபத்திலோ தூரத்தினாலோ 15 சதவீதம் குடும்பங்கள், அதாவது 45 பிள்ளைகள், தனியார் பள்ளிக்கோ சார்ட்டருக்கோ போய்விட்டால் தலைக்கு 10,000 என்று வைத்தாலும் வருஷத்துக்கு 4.5 லட்சம் வருமானம் போய்விட்டது. இடமாற்றச் செலவு, காலிக் கட்டடத்துக்குக் காவல், காப்பீடு எல்லாம் இன்னும் சேர்க்கவில்லை. எத்தனை குடும்பங்கள் விலகும் என்று கணித்தீர்கள், அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அதைப் பொதுக் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்பதையும் ஆதாரத்தோடு சொல்லலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையம் இதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறது. 2009-ல் வந்த அவர்களின் ஆய்வில், மூடல் அறிவிக்கப்பட்ட அந்த வருஷத்திலேயே பிள்ளைகளின் படிப்பு பின்தங்கியது, புதுப் பள்ளிக்குப் போகும் முன்பே. 2018 ஆய்வில், 2013-ல் மூடப்பட்ட பள்ளிகளின் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் ஏற்பட்ட இழப்பு பல வருஷம் நீடித்தது தெரிந்தது. பட்டியலை வெளியிட்டுவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்பதே பிள்ளைகளுக்குக் கெடுதல், வாக்கெடுப்பு தோற்றாலும் அந்தக் கெடுதல் நடந்துவிடும். டிஸ்ட்ரிக்டிடம் இதை முதல் நாளிலேயே சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசுவது

நூறு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது ஒரு கருத்தாகத்தான் போர்டின் காதில் விழும். முன்பே பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் கொள்ளளவு, ஒருவர் கணிப்பு, ஒருவர் சேமிப்பு, ஒருவர் பிள்ளைகள் நடந்து போகிற வழி, ஒருவர் சிறப்புக் கல்வி. கூட்டம் அதிகமானால் மூன்று நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைப்பார்கள், அதனால் ஒரு நிமிடத்துக்கே எழுதி வையுங்கள். முதல் வரியிலேயே என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள், காரணம் பிறகு. வாக்கெடுப்பை ஒரு வருஷம் தள்ளி வையுங்கள், மொத்தக் கணக்கையும் வெளியிடுங்கள், இந்த மூன்று பள்ளிகளின் எல்லையை முதலில் மாற்றிப் பாருங்கள் என்பதுபோல் அவர்கள் ஆம் இல்லை என்று சொல்லக்கூடிய கோரிக்கையாக இருக்கட்டும்.

விசாவில் இருக்கிறோம், பேசலாமா என்று தயங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. பேசலாம். பிரவுன் சட்டப்படி கூட்டத்துக்கு வரப் பெயர்கூடக் கொடுக்கத் தேவையில்லை, விசா நிலைமையை யாரும் கேட்பதில்லை. பிள்ளையைத் தினமும் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகிற பாட்டியோ தாத்தாவோ தமிழிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி வைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. முன்கூட்டியே போர்டு அலுவலகத்துக்கு எழுதி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மூன்று தெரு நடந்து போகிற பள்ளிக்குப் பதிலாக ஆறு வழிச் சாலையைக் கடந்து ஒன்றரை மைல் நடக்க வேண்டும் என்று அந்தப் பாட்டி சொன்னால் அறை கேட்கும். கலிஃபோர்னியாவில் சிறப்புக் கல்வி போன்ற சில பிரிவினரைத் தவிர மற்றப் பிள்ளைகளுக்கு டிஸ்ட்ரிக்ட் பஸ் விட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு வெளியே போர்டு உறுப்பினர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள், காபிக் கடையில் அரை மணி நேரம் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் பெரும்பான்மை. பெரும்பான்மை உறுப்பினர்கள் தங்களுக்குள் மின்னஞ்சலிலோ ஆள் மூலமோ பேசி முடிவெடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, அதனால் ஒருவர் உங்களிடம் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

பக்கத்துப் பள்ளியைக் காட்டிக்கொடுக்காதீர்கள்

எங்கள் பள்ளிக்குப் பத்துக்குப் பத்து ரேட்டிங், எங்களை ஏன் மூட வேண்டும், அந்த மூன்று ரேட்டிங் பள்ளியை மூடலாமே என்று பேசுவது நம் பெற்றோர் குழுக்களில் சகஜமாக நடக்கிறது. இது எனக்குக் கசப்பான விஷயம், அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த ரேட்டிங் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் காட்டுகிறது. இரண்டு வேலை பார்க்கிற அம்மாவின் பிள்ளை படிக்கிற பள்ளி அது, கார் இல்லாத குடும்பத்துக்கு அதுதான் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளியின் பெற்றோர் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குக் கூட்டத்துக்கு வர முடியாது என்பதால்தான் பல ஊர்களில் அவர்கள் பள்ளி முதலில் மூடப்பட்டது. அது அநியாயம், நாம் அதில் பங்கெடுக்கக் கூடாது.

நடைமுறையிலும் இந்த வாதம் உங்களையே கவிழ்க்கும். பள்ளிகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டால் டிஸ்ட்ரிக்டுக்கு வசதி, யாரும் கணக்கைப் பார்க்க மாட்டார்கள். சியாட்டிலில் பட்டியல் சுருங்கியது நகரம் முழுக்கப் பெற்றோர் சேர்ந்து கேட்டதால். ஸ்பானிஷ் பேசும் பெற்றோர் குழு, கறுப்பினப் பெற்றோர், சீனக் குடும்பங்கள், ஆசிரியர் சங்கம், துப்புரவு ஊழியர் சங்கம், எல்லோரோடும் ஒரே கோரிக்கையில் நில்லுங்கள். தமிழ் வாட்ஸ்அப் குழுவுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது.

ஓக்லாந்தில் 2022 பிப்ரவரி 8 அன்று ஏழு பள்ளிகளை மூட போர்டு வாக்களித்தது, பெரும்பாலும் கறுப்பின, லத்தினோ பிள்ளைகள் படிக்கிற பள்ளிகள். வெஸ்ட்லேக் நடுநிலைப் பள்ளியின் ஊழியர்கள் இருவர் உண்ணாவிரதம் இருந்தார்கள். பார்க்கர் பள்ளியைப் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து காத்தார்கள், இருந்தும் அதை மூடினார்கள். ஆனால் அந்த நவம்பர் தேர்தலில் போர்டு மாறியது, 2023 ஜனவரியில் மீதி ஐந்து பள்ளிகளின் மூடலை ரத்து செய்தார்கள். அதே 2022-ல் மாநிலம் ஏபி 1912 என்ற சட்டத்தையும் கொண்டு வந்தது: மாநில அவசரக் கடன் வாங்கி நிதி நெருக்கடியில் இருக்கிற டிஸ்ட்ரிக்ட், யாரை எவ்வளவு பாதிக்கும் என்ற சமத்துவ ஆய்வைச் செய்து மக்களிடம் கருத்துக் கேட்ட பிறகே பள்ளியை மூடலாம். உங்கள் டிஸ்ட்ரிக்ட் அந்த வகையில் வராவிட்டாலும் அதே ஆய்வைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க அவர்களிடம் நல்ல காரணம் இருக்காது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2024 அக்டோபரில் பட்டியல் வெளியான சில நாட்களில் எதிர்ப்பு வலுத்து, மேயரே நிறுத்தச் சொல்லி, சூப்பரிண்டெண்டெண்ட் பதவி விலகி, திட்டம் நின்றது.

வாக்கெடுப்பில் தோற்றுவிட்டால்

தீர்மானத்தில் எழுதாத வாக்குறுதிக்கு மதிப்பில்லை. மூடத்தான் போகிறார்கள் என்று தெரிந்ததும், எதிர்ப்பைக் கைவிடாமலே, தீர்மானத்தில் சேர்க்க வேண்டிய வரிகளை எழுதிக் கொடுங்கள்: அண்ணன் தங்கை ஒரே பள்ளிக்குப் போக முன்னுரிமை, சிறப்புக் கல்விப் பிள்ளைக்கு ஐஈபியில் (அந்தப் பிள்ளைக்கென்று எழுதிய தனிக் கல்வித் திட்டத்தில்) உள்ள எல்லா சேவையும் முதல் நாளிலிருந்தே, மாலைப் பராமரிப்பில் இடம், கிராஸிங் கார்டு, சேமிப்பு எவ்வளவு வந்தது என்று ஒரு வருஷத்தில் பொதுக் கூட்டத்தில் அறிக்கை. போர்டு உறுப்பினர் ஒருவர் திருத்தமாகக் கொண்டுவந்தால் போதும், மூடலுக்கு வாக்களிக்கப் போகிறவர்கள்கூட இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

அப்புறம் கட்டடம். சிகாகோவில் பத்து வருஷம் கழித்தும் மூடிய கட்டடங்களில் பல காலியாகவே கிடந்தன. கலிஃபோர்னியாவில் உபரி நிலத்தை விற்கவோ நீண்ட குத்தகைக்கு விடவோ முன் ஏழு முதல் பதினோரு பேர் கொண்ட ஆலோசனைக் குழு போட வேண்டும், செவன் லெவன் கமிட்டி என்றே சொல்வார்கள், அதில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் இடம் உண்டு. காலி அறை இருந்தால் சார்ட்டர் பள்ளிகள் 2000-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ப்ராப் 39 என்ற சட்டத்தின்படி இடம் கேட்கலாம் என்பதையும் மனசில் வையுங்கள், பிள்ளைகள் இல்லை என்று மூடிய கட்டடத்துக்கே மற்றப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை இழுக்கிற பள்ளி வந்து சேரலாம். விளையாட்டு மைதானத்தைக் காப்பாற்ற நகராட்சி சலுகை விலையில் வாங்க நெய்லர் சட்டம் வழி வைத்திருக்கிறது, அதனால் சிட்டி கவுன்சிலிடமும் போய்ப் பேசுங்கள்.

கடைசியாக போர்டு சீட். குடியுரிமை பெற்றவர்கள் நிற்கலாம், வேட்புமனு நவம்பர் தேர்தலுக்கு 113 நாள் முன்பு தொடங்கி 88 நாள் முன்பு முடியும், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் அல்லது இரண்டாம் வாரம் வரை. பல இடங்களில் எதிர்த்து நிற்க ஆளே இல்லாமல் பழைய உறுப்பினரே தொடர்கிறார். சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் பள்ளி போர்டு தேர்தலில் வாக்கு உண்டு, 2016-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்தது. ஆனால் அப்படி வாக்காளராகப் பதிவு செய்வது பின்னால் குடியேற்ற விண்ணப்பங்களில் கேள்வியாக வரலாம், குடியேற்ற லாயரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். உங்கள் முகவரி எந்த டிரஸ்டி ஏரியாவில் (போர்டு உறுப்பினர் தொகுதியில்) வருகிறது, அந்த இடத்துக்கு அடுத்த தேர்தல் எந்த வருஷம் என்பதைக் கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் பார்த்துவிடலாம்.